பெத்ராகேயின் மெழுகுவர்த்தி

எங்கள் பிஸ்த்ரேனி கிராமத்தில் டான்யூப் ஆறு ஓடாது, அலேனே போகும். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் சாயங்காலம் அலேனே திரும்பும். காற்றில்லாத காலையில் புகை அலேனே எழும். ஞாயிற்றுக்கிழமை வயிறு முட்டச் சாப்பிட்டவன் அலேனே எழுந்து வாசல் பெஞ்சுக்குப் போய் உட்காருவான். ஆற அமர, அசைந்து அசைந்து, அவசரம் என்பதையே அறியாமல், கொஞ்சம் சோம்பலும் கலந்து என்று நீட்டிச் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். ஆற்றுக்கும் மாட்டுக்கும் சொன்னால் அதில் குற்றம் ஒன்றும் கிடையாது. மனுஷனுக்குச் சொன்னால்தான் வம்பு. 'ஏன்டா அலேனே வர்றே?' என்றால், மசமசவென்று நிற்காமல் காலை எட்டிப் போடு என்று அர்த்தம். கூடவே ஒரு வசவும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கெர்கீனாவின் கடையில் பேச்சு வந்தது. முன்பக்கம் ரொட்டியும் சோப்பும், பின்பக்கம் பீரும் விற்கிற கடை அது. பள்ளிக்கூடத்து வாத்தியார் பீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "லேனேன்னா சோம்பல். அதுக்கு முன்னால ஒரு 'அ' வந்து ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். சோம்பலா, மந்தமான்னு அர்த்தம். ஆனா லேனேங்கறது நம்ம பாட்டன் சொத்து இல்ல. ஸ்லாவ் ஜனங்ககிட்டேருந்து எடுத்துக்கிட்டது."

"அட போங்க வாத்தியாரே," என்றாள் கெர்கீனா. "சொந்தமா ஒரு சோம்பல்கூட இல்லாத ஜனமா நாம? அதையும் ஆத்துக்கு அக்கரையில கைமாத்து வாங்கித்தான் பொழைச்சோமா? அந்தச் சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெருக்கோடியிலேருந்து கிளம்பிச்சு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு, கடைக்கு வந்து சேர்ந்தபாடில்ல."

எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ரொட்டிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு பெத்ராகே தெருவில் வந்துகொண்டிருந்தான். கடையே சிரித்தது.

எழுபது வயதைத் தாண்டியவன், நெட்டையாக இருந்து கூன் விழுந்தவன். இருந்தாலும் எங்கள் ஊரில் அவனுக்கு ஒரு 'அவர்' கிடைத்ததில்லை. பெத்ராகே என்ற பெயர்கூட ஞானஸ்நானத்தோடு போயிற்று. ஊருக்கு அவன் அலேனேதான். அந்தப் பெயர் அவன்மேல் வந்து உட்கார்ந்த நாள் எனக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது அவனுக்கு மீசை அரும்பிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கூட்டுப்பண்ணையில் மாட்டு வண்டி ஓட்டினான். தோமாவின் மகள் ஸ்தாங்காவைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்பது கிணற்றடியில் எல்லாரும் பார்த்த விஷயம். எங்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போகிறவன் மரக்குடுவையில் ப்ளம் சாராயம் கொண்டுபோவான். பெண்ணின் அப்பன் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டால் முடிந்தது, பெண் உனக்கு. குடுவைக்கு நாடா கட்டி, வண்டி மாட்டின் கொம்பில் பூச்சுற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெத்ராகே கிளம்பினான்.

தோமாவின் வீடு அப்போது மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம். வழியில் ஒரு வேலமரத் தோப்பு. அங்கே வண்டியை நிறுத்தினான். என்ன பேசுவது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை. மாடுகள் மேய ஆரம்பித்தன, அவனும் விட்டுவிட்டான். கோட்டைக் கழற்றினான், மறுபடி போட்டான். கிளம்பினான், மறுபடி நிறுத்தினான். இதற்குப் பெயர் சோம்பல் இல்லை, பயம். ஆனால் பயத்தையும் சோம்பலையும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தோமா வாசல் கேட்டில் நின்று மணல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வழியாக டிராக்டர் ஓட்டும் ஃப்ளோரியா வந்தான், அவனிடமும் ஒரு குடுவை இருந்தது. தோமா தூரத்து வண்டியைக் காட்டி, வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்தாரிடம் சொன்னான்: "பாருங்கய்யா, பொண்ணு கேட்டு வர்ற லட்சணத்தை. அலேனே வர்றான், பொணத்தை ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி." சொல்லிவிட்டு ஃப்ளோரியாவின் குடுவையை வாங்கி மடக்கென்று குடித்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாத்தியார் வேரைப் புத்தகத்தில் தேடிக்கொள்ளட்டும். பெத்ராகேயின்மேல் அந்தச் சொல் முளைத்த இடம் தோமாவின் வாசல்.

இந்த இடத்தில் யாராவது 'பதறாத காரியம் சிதறாது' என்று ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். நகரத்திலிருந்து கோடையில் வருகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த பேச்சு. மெதுவாக வாழ்வது எவ்வளவு அழகு என்று ஆற்றங்கரையில் நின்று பெருமூச்சு விடுவார்கள். மெதுவாக இருந்ததால் பெத்ராகேக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. தர்பூசணி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனால், விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் எதிரே வருவார்கள். கூரையைச் சரிபண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தான், ஒரு மழையில் பாதிக்கூரை போயிற்று. வேறு பெண் பார்க்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டே இருந்தான். தலை நரைத்துவிட்டது.

ஸ்தாங்கா ஃப்ளோரியாவைக் கட்டிக்கொண்டு பெத்ராகேயின் தெருவுக்கே குடிவந்தாள். அவன் முற்றத்தில் நின்றால் அவள் வீட்டுக் கோழிக்கூடு தெரியும். வருஷக்கணக்காக இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஃப்ளோரியா குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தான். அவளுடைய மகள்கள் இத்தாலிக்குப் போய், அங்கே யாரோ கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறார்கள். தெருவே அப்படித்தான் காலியானது. ஒவ்வொரு வீடாக ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்கள். கடைசியில் அந்தத் தெருவில் புகை வருகிற வீடு மூன்று: பெத்ராகே, ஸ்தாங்கா, பிறகு கிழவன் சம்ஃபிர்.

ஒரு மாசி மாதத்துப் பனியில் சம்ஃபிர் செத்தான். நாய் ஊளையிட்டதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். யாரும் 'ஐயோ பாவம், செத்துட்டானே' என்று சொல்லவில்லை. பெண்கள் எல்லாரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான்: "மெழுகுவத்தி இல்லாம போயிட்டானே."

எங்கள் ஊரில் ஒருவனைச் சபிக்க இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. உயிர் பிரிகிற நேரம் ஒருவர் பக்கத்தில் இருந்து எரியும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் போகிற வழி முழுக்க இருட்டு. குடிகாரனுக்கும் திருடனுக்கும்கூட யாராவது ஓடிவந்து பிடித்துவிடுவார்கள்.

சம்ஃபிரைப் புதைத்துவிட்டு வந்த பெத்ராகே அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு யார் பிடிப்பார்கள்? இதுதான் அவன் நினைப்பு. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்கள் கல்லறையில். கெர்கீனா கடையில் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, சமையலறைத் தட்டில் தீப்பெட்டியோடு வைத்தான். பிடிக்கிற கை ஒன்று வேண்டும். யாருடைய கை என்று அவனுக்குத் தெரியும். கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவனுக்கு மலையாக இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் செய்ய ஆள் இல்லாதவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் கருமாதி விருந்தைத் தாங்களே வைத்துவிடுவார்கள். பெத்ராகேயும் வைத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றிய கிண்ணமும் துண்டும் ஏற்றிய மெழுகுவர்த்தியும் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். ஸ்தாங்காவுக்குக் கொடுக்கும்போது கேட்டுவிடலாம் என்பது அவன் திட்டம். கெர்கீனா வந்து சமைத்தாள். முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி அண்டா நிறைய வேகவைத்தாள். விசாரியோன் சாமியார் வந்து மந்திரித்தார்.

மேஜைகளில் கிழவர்கள் உட்கார்ந்தார்கள். ஆள் உயிரோடு இருந்தால் 'கடவுள் ஏத்துக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். ஆனால் முதல் கோப்பை ஒயின் கைக்கு வந்ததும் மரீன் கிழவன் பழக்கப்படி நாலு சொட்டுத் தரையில் சிந்திவிட்டு, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்," என்றான். அது செத்தவனுக்குச் சொல்கிறது. உடனே மேஜை முழுக்க எல்லாரும் சிந்தி, எல்லாரும் மன்னிக்கச் சொன்னார்கள்.

"ஏம்ப்பா," என்றார் சாமியார், "ஆள் குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறான், கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"பழக்கதோஷம் சாமி," என்றான் மரீன். "அதுவும் இவன் போய்ச் சேர்றதுக்குள்ள நாங்க எல்லாரும் போயிருவோம். அப்பறம் சொல்றதுக்கு யாரு இருப்பா? அதான் முன்கூட்டியே சொல்லி வெச்சோம்."

முற்றமே சிரித்தது. பெத்ராகேயும் சிரித்தான். ஸ்தாங்கா சிரிக்கவில்லை. அவன் கிண்ணத்தையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு அவள்முன் போய் நின்றான்.

"ஸ்தாங்கா..."

"சொல்லு."

கிண்ணத்தை நீட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றான். பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்: "அலேனே, சூப் ஆறிப்போகுதுப்பா, அந்தக் கிண்ணத்தை இந்த ஜென்மத்துல குடுப்பியா?"

"ஒன்னுமில்ல," என்றான். "சூடா சாப்பிடு."

எல்லாரும் சாப்பிட்டார்கள். இத்தாலியில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், தர்பூசணி விலையைப் பற்றிப் பேசினார்கள், போனார்கள். யாருக்கு விருந்து என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

அதன்பிறகு பெத்ராகே தினமும் ஸ்தாங்காவின் வாசல் வரை போனான். கேட்டைப் பார்த்தான், திரும்பி வந்தான். ஒருநாள் அவள் கோழிக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு நேரே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, என் கேட்டுக்கு வர்ணம் அடிக்கப் போறியா? தினம் வந்து பாத்துட்டுப் போறே."

"ஒன்னு கேக்கணும்."

"கேளு. எனக்கு உள்ள பால் பொங்குது."

"நான் சாகறப்ப..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மெழுகுவத்தி," என்றான்.

பால் என்னவாயிற்றோ தெரியாது, ஸ்தாங்கா அசையவில்லை. கேட்டைப் பிடித்தபடியே சொன்னாள்: "எங்கப்பன் கேட்டுல நின்னு பாத்துக்கிட்டிருந்தப்ப, நானும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"வண்டி நிக்குது, நிக்குது, நின்னுக்கிட்டே இருக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு. வண்டியை விட்டுட்டு இறங்கி ஓடியாந்திருக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

ஸ்தாங்கா சிரித்தாள். பல் போன வாய், ஆனாலும் சிரித்தாள். "சரி, பிடிக்கிறேன். ஆனா உனக்கு ஆயிருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சாகறதைக்கூட ஆடி அசைஞ்சுதானே சாவே? ஒன்னு பண்ணு. காலையில எந்திரிச்சதும் அடுப்பு பத்தவை. உன் வீட்டுப் புகையை நான் பாத்துக்கறேன். புகை வரலேன்னா வர்றேன்."

அன்றிலிருந்து பெத்ராகே ஊரில் முதல் ஆளாக எழுந்தான். பசி வருகிறதோ இல்லையோ, அடுப்புப் பற்றவைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து நிற்பான். ஸ்தாங்கா கோழிக்குத் தீனியோடு வெளியே வருவாள், நிமிர்ந்து அவன் புகைபோக்கியைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். கையசைக்க மாட்டாள், பேச மாட்டாள். அவ்வளவுதான் நடக்கும். தன்னை ஒரு உயிர் தினமும் பார்க்கிறது என்ற நினைப்பிலேயே அவனுக்கு அன்றைய பொழுது போய்விடும். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான்.

ஒருநாள் விறகு நனைந்து புகை வரத் தாமதமாயிற்று. சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்தாங்கா தெருவைத் தாண்டி விறுவிறுவென்று வந்துவிட்டாள்.

"போய்ச் சேந்துட்டேன்னுல்ல நெனச்சேன்."

"விறகு ஈரம்."

"ஈரமாம் ஈரம். காஞ்சதைத் தனியா எடுத்து வைக்கத் துப்பில்ல. பெத்ராகே, இன்னொரு தடவை இப்படிப் பண்ணினே, நானே உன்னைக் கொன்னு நானே மெழுகுவத்தி பிடிப்பேன்."

திட்டிவிட்டுப் போனாள். ஊரில் அவள் ஒருத்திதான் அவனைப் பெத்ராகே என்று கூப்பிடுவாள். அவன் அன்றைக்கு முழுக்க விறகு அடுக்கினான்.

அவளுடைய புகையைத் தான் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் அவனைவிட இளையவள், திடமானவள். மகள்கள் இருக்கிறார்கள், போன் வருகிறது. முதலில் போகிறவன் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது குளிர்காலத்தில், தரையெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்த ஒரு காலையில், பெத்ராகே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முற்றத்தில் நின்றான். புகை நேராக மேலே போயிற்று. ஸ்தாங்கா வரவில்லை. கோழிகள் கூட்டுக்குள் கத்தின. தூங்கியிருப்பாள் என்று நினைத்தான். உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு மறுபடி வந்தான். கோழிகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. அப்போதுதான், முதல்முறையாக, தலையை நிமிர்த்தி அவள் புகைபோக்கியைப் பார்த்தான். அதற்கு மேலே வெறும் வானம் இருந்தது.

பெத்ராகே ஓடினான். கோட்டு இல்லை, தொப்பி இல்லை. கேட்டுக்கு வெளியே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான், எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினான். கெர்கீனாவின் கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் ஜன்னலில் கூடினார்கள். "ஏய், அலேனே ஓடுறான்டோய், வந்து பாருங்க," என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு கிளம்பிற்று. பிறகு கெர்கீனா அவன் கையில் இருப்பதைப் பார்த்தாள். மெழுகுவர்த்தி. சிலுவை போட்டுக்கொண்டு கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

ஸ்தாங்கா சமையலறைக் கட்டிலில் பாதி உடம்பு தொங்கக் கிடந்தாள். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. மூச்சு இருந்தது. பெத்ராகே அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்தான். அவள் அடுப்பருகே இருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினான், குச்சி உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. "இரு, இரு, ஸ்தாங்கா, ஒரு நிமிஷம் இரு," என்று கெஞ்சினான். அடுத்த குச்சி பற்றியது. மெழுகுவர்த்தியை ஏற்றி அவள் விரல்களுக்குள் வைத்து, அந்த விரல்கள் மூடாததால் தன் கையை மேலே வைத்து மூடிக்கொண்டான்.

அவள் கண்ணைத் திறந்து சுடரைப் பார்த்தாள். பிறகு அவனை, தலையில் தொப்பி இல்லாததை, ரத்தம் கசியும் முழங்காலைப் பார்த்தாள்.

"ஓடி... வந்தியா?"

"ஓடி வந்தேன்."

அவள் முகத்தின் நல்ல பக்கம் கொஞ்சம் அசைந்தது. கெர்கீனாவும் மற்றப் பெண்களும் வந்து சுவரோரம் நின்றபோது மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. மெழுகு உருகி இருவர் கையிலும் வழிந்து இறுகியிருந்தது. பெத்ராகே கையை எடுக்கவில்லை.

"மெழுகுவத்தியோட போனா," என்றாள் கெர்கீனா. "குடுத்து வெச்சவ."

மகள்கள் இத்தாலியிலிருந்து வந்தார்கள். அழுதார்கள், புதைத்தார்கள், கோழிகளை விற்றார்கள். போகும்போது பெத்ராகேயின் கையைப் பிடித்து நன்றி சொல்லி, ஒரு காபிப் பொட்டலம் கொடுத்தார்கள். ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிவிட்டு விமானத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் பெத்ராகே அடுப்புப் பற்றவைக்கவில்லை. வேண்டுமென்றேதான். கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, வாசல் தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்தான். புகை வரவில்லை என்பது யார் கண்ணிலாவது படும், யாராவது வருவார்கள். தெருவில் ரொட்டி வண்டி போயிற்று. கெர்கீனாவின் குரல் தூரத்தில் யாரையோ ஏசிற்று. விசாரியோன் சாமியாரின் கார் கடந்துபோயிற்று. சமையலறைத் தட்டில் தீப்பெட்டி மட்டும் இருந்தது. இன்னொரு மெழுகுவர்த்தி கெர்கீனா கடையில் கிடைக்கும். வாங்கி, யாரைப் பிடிக்கச் சொல்வது?

மதியமும் தாண்டிற்று. வீட்டுக்குள் அவன் விடுகிற மூச்சே புகையாகத் தெரிந்தது. கை விரல்கள் மரத்துப்போன பிறகு எழுந்து, அடுப்பில் விறகை வைத்தான்.